எல்ஜி டிஸ்ப்ளே: லாபம் வந்ததா, நஷ்டம் நின்றதா?

சின்னத்திரை – 26 ஜூலை 2025, காலை 9.10

டிவி, போன் திரைக்கான பேனல் செய்யற கொரியக் கம்பெனி எல்ஜி டிஸ்ப்ளேயோட ரெண்டாம் காலாண்டுக் கணக்கு வந்திருக்கு. நிகர லாபம் 89,080 கோடி வொன். போன வருஷம் இதே காலாண்டுல நஷ்டம். மூணு வருஷமா ரத்தம் கொட்டின கம்பெனி எழுந்து நின்னுடுச்சுன்னுதான் எனக்குத் தோணுது. நியூயார்க்ல இதோட ஏடிஆர் (வெளிநாட்டுப் பங்குக்குப் பதிலா அமெரிக்கச் சந்தைல விக்கிற சான்று) இருக்கு. இப்பவே கொஞ்சம் வாங்கிப் போடலாமா? டிவி பேனல் தொழில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஐந்தொகை – 26 ஜூலை 2025, பகல் 11.40

கடைசி வரியைப் பார்த்துவிட்டு மேல் வரியை விட்டுவிட்டீர்கள். அதே காலாண்டில் செயல்பாட்டு நஷ்டம் 11,600 கோடி வொன். பேனல் செய்து விற்றதில் பணம் போயிருக்கிறது. பிறகு 89,080 கோடி எங்கிருந்து வந்தது?

ஒன்று, சீனாவில் குவாங்சோ எல்சிடி ஆலை. சீனப் பேனல் கம்பெனி டிசிஎல் சிஎஸ்ஓடிக்கு 1,080 கோடி யுவானுக்குக் கொடுப்பதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். கைமாறியது 2025 ஏப்ரல் 1. அதனால் அந்த விற்பனை லாபம் மொத்தமும் ரெண்டாம் காலாண்டில் வந்து விழுந்தது. ஒரு தடவை விற்ற ஆலையை மறு தடவை விற்க முடியாது.

இரண்டு, டாலர். மார்ச் கடைசியில் ஒரு டாலர் 1,470 வொன் பக்கம் இருந்தது. ஜூன் கடைசியில் 1,350 பக்கம். 100 கோடி டாலர் கடன் வைத்திருந்தால், டாலருக்கு 120 வொன் குறைந்ததில் 12,000 கோடி வொன் புத்தகத்தில் லாபமாக ஏறும். ஒரு பைசா கைக்கு வராது. இதே டாலர் இறக்கம் மேல் வரியில் அடிக்கிறது, ஏனென்றால் பேனலை டாலரில் விற்கிறார்கள், கொரியாவில் சம்பளத்தை வொன்னில் கொடுக்கிறார்கள். அதாவது செயல்பாட்டு நஷ்டத்தைக் கூட்டியதும் நிகர லாபத்தைக் கூட்டியதும் ஒரே விஷயம்.

முதல் காலாண்டு செயல்பாட்டு லாபம் 3,350 கோடி. இரண்டையும் சேர்த்தால் அரையாண்டு கணக்கு 8,250 கோடி நஷ்டம். இப்போதைக்கு நிலவரம் இதுதான்.

வொன் கணக்கு பழகாதவர்களுக்கு: இப்போது ரூபாய்க்குச் சுமார் 16 வொன்.

ஐந்தொகை – 26 ஜூலை 2025, பகல் 12.25

முந்தைய குறிப்பில் விட்டுப்போனது. வருஷவாரியாகச் செயல்பாட்டுக் கணக்கைப் பார்த்தால்தான் இந்தத் தொழிலின் குணம் புரியும். 2017இல் 2.46 லட்சம் கோடி வொன் லாபம். 2018இல் அது வெறும் 9,300 கோடி. 2019இல் 1.36 லட்சம் கோடி நஷ்டம். 2021இல் திடீரென 2.23 லட்சம் கோடி லாபம். அடுத்த வருஷமே 2.08 லட்சம் கோடி நஷ்டம். 2023இல் 2.51 லட்சம் கோடி நஷ்டம். 2024இல் நஷ்டம் 56,060 கோடிக்கு இறங்கியது.

எட்டு வருஷத்தில் பாதிக்கு மேல் நஷ்டம். ஒரு நல்ல காலாண்டை வைத்து இந்தக் கம்பெனியை எடை போட்டவர்கள் எல்லாருமே ஏமாந்திருக்கிறார்கள்.

கண்ணாடிவெட்டு – 27 ஜூலை 2025, இரவு 8.05

ஐந்தொகை சார் சொன்ன 2018 சரிவுக்குக் காரணம் கண்ணாடி அளவு. அதைச் சொல்லாம கணக்கு மட்டும் பார்த்தா பாதிதான் புரியும்.

டிவி பேனலை ஒவ்வொண்ணா செய்யறதில்லை. பெரிய தாய்க்கண்ணாடில ஒரே நேரத்துல பல பேனல் செஞ்சு கடைசில வெட்டி எடுப்பாங்க. தையற்காரர் துணி வெட்டற மாதிரிதான், மிச்சம் விழுந்தா காசு போச்சு. எல்ஜி டிஸ்ப்ளேகிட்ட இருக்கிற பெரிய கண்ணாடி 8.5 தலைமுறை (கண்ணாடி அளவுக்கு வெச்ச பேர், எண் கூடினா கண்ணாடி பெரிசு), 2200க்கு 2500 மில்லிமீட்டர். 55 இன்ச் பேனல் கிட்டத்தட்ட 1218க்கு 685. ரெண்டு வரிசை, மூணு அடுக்கு, மொத்தம் ஆறு. 2436க்கு 2055 ஆகுது. கண்ணாடில 91 சதவீதம் காசாகுது. அழகான வெட்டு.

இப்ப 65 இன்ச்சுக்கு வாங்க. 1439க்கு 809. பக்கவாட்டுல மூணு வெச்சா 2428, சரியா உக்காருது. ஆனா உயரத்துல 1439 போக 761 மில்லிமீட்டர் பட்டை சும்மா நிக்குது. மூணே பேனல். 63 சதவீதம்தான் காசு.

சீனக் கம்பெனி பிஓஇ அங்க ஹெஃபேல போட்ட 10.5 தலைமுறை ஆலையோட கண்ணாடி 2940க்கு 3370. அதுல 65 இன்ச் எட்டு உக்காரும், 75 இன்ச் ஆறு உக்காரும், ரெண்டுமே 94 சதவீதம். கடைல ஜனங்க 55ஐ விட்டு 65, 75ன்னு போக ஆரம்பிச்ச அதே நேரத்துல இந்தக் கண்ணாடி வந்து இறங்குச்சு. அதுக்கு உள்ளூர் அரசாங்கப் பணமும் பின்னால இருந்துது. பழைய கண்ணாடி வெச்சிருக்கிறவன் எப்படி விலைல மோதுவான்?

சின்னத்திரை – 27 ஜூலை 2025, இரவு 9.30

அந்த 761 மில்லிமீட்டர் பட்டையைத் தூக்கித்தான் போடணுமா? அவங்களே 10.5 போட்டிருக்கலாமே?

கண்ணாடிவெட்டு – 28 ஜூலை 2025, காலை 7.15

பட்டையைத் தூக்கிப் போட மாட்டாங்க. அதுல 32 இன்ச் பேனலைக் குத்துவாட்டுல நிறுத்தினா ஆறு வரும். 398 மில்லிமீட்டர் அகலம், ஆறு தடவை 2388. உயரம் 708, பட்டை 761. கச்சிதம். மூணு 65, ஆறு 32. மொத்தம் 94 சதவீதம் ஆயிடும். ஒரே கண்ணாடில ரெண்டு அளவு வெட்டறது இந்தத் தொழில்ல சகஜம். சிக்கல் என்னன்னா, ஒரு 65க்கு ரெண்டு 32 கட்டாயமா வந்து விழும். 32க்கு ஆர்டர் இல்லேன்னாலும் அது வந்துட்டே இருக்கும். அதை வந்த விலைக்குத் தள்ளணும்.

48 இன்ச் ஓலெட் (பின்விளக்கு இல்லாம ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ற திரை) டிவி எப்படி வந்துதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 77 இன்ச் ரெண்டை 8.5 கண்ணாடில அடுக்கினா 1705க்கு 1918 ஆகுது. பக்கத்துல 795 மில்லிமீட்டர் மிச்சம். அதுல 48 இன்ச் ரெண்டு நிக்கும். 77 மட்டும் வெட்டினா 59 சதவீதம், 48ஐச் சேர்த்தா 82 சதவீதத்துக்கு மேல. கேம் ஆடறவங்க கொண்டாடின அந்தச் சின்ன ஓலெட், கண்ணாடி மிச்சத்துல பொறந்த பிள்ளை.

10.5 பத்தி: கொரியால பாஜுல பி10ன்னு கட்டடமே எழுப்பினாங்க, 10.5 தலைமுறை ஓலெட்டுக்குன்னு. திட்டம் தள்ளித் தள்ளிப் போய் நின்னுடுச்சு. பெரிய பேனல்ல ஒரு தூசி விழுந்தா போற இழப்பு பெரிசு. ஒரு கண்ணாடில மூணு இடத்துல குறை இருக்குன்னு வைங்க. ஆறு பேனல் வெட்டினா மோசமா போனாலும் மூணு தேறும். ரெண்டு பேனல் வெட்டினா ரெண்டுமே போகலாம். 8.5லயே அவங்க பட்ட பாடு போதும். குவாங்சோ ஓலெட் ஆலைக்கு 2019 ஆகஸ்ட்ல திறப்பு விழா நடந்துது, முழு உற்பத்தி 2020 ஜூலைலதான். நூத்துல எத்தனை பேனல் தேறும்ங்கிற ஒரே எண்ணுக்காக ஏறக்குறைய ஒரு வருஷம் போச்சு.

ஐந்தொகை – 28 ஜூலை 2025, மாலை 6.50

கண்ணாடிவெட்டு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்சிடியை விட வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. கொரியாவில் டிவி எல்சிடியை 2020 கடைசிக்குள் நிறுத்தப் போவதாக 2020 ஜனவரியில் சொன்னார்கள். அப்புறம் கொரோனா வந்தது, உலகம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி வாங்கியது. 55 இன்ச் எல்சிடி பேனல் 2021 நடுவில் 200 டாலரைத் தாண்டியது. நிறுத்துகிற பேச்சு ஒத்திப்போனது. அந்த 2.23 லட்சம் கோடி லாபத்தில் பெரும்பங்கு இந்த விலையேற்றம் தந்தது.

2022 இலையுதிர் காலத்தில் அதே பேனல் 100 டாலருக்குக் கீழே. பாஜு பி7இல் டிவி எல்சிடியை நிறுத்தியது 2022 டிசம்பரில். சாம்சங் டிஸ்ப்ளே அந்த ஜூன் மாதமே எல்சிடியை மொத்தமாக முடித்துவிட்டது. லாபம் வந்த வருஷத்திலேயே ஆலையை விற்றிருந்தால் என்ன விலை கிடைத்திருக்கும் என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

பணம் தீர்ந்ததும் என்ன நடந்தது என்பதைப் பங்கு வாங்க நினைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் தாய் நிறுவனம் எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் 1 லட்சம் கோடி வொன் கடன் கொடுத்தது. வட்டி 6.06 சதவீதம். வருஷத்துக்கு 6,060 கோடி வட்டி, அதுவும் சொந்த வீட்டுக்குள். அது போதாமல் 2024 மார்ச்சில் ரைட்ஸ் வெளியீடு, அதாவது பழைய பங்குதாரருக்கே முதலில் புதுப் பங்கை நீட்டுவது: 14.2 கோடி புதுப் பங்கு, ஒன்று 9,090 வொன், கிடைத்தது 1.29 லட்சம் கோடி. அதற்கு முன் இருந்த பங்கு 35.8 கோடி, பின் 50 கோடி. ரைட்ஸில் சேராதவரின் 1 சதவீதம் 0.72 ஆகச் சுருங்கியது. இந்தத் தொழிலில் நஷ்டத்தைக் கடைசியில் சுமப்பது பழைய பங்குதாரர்தான்.

ஐந்தொகை – 3 ஆகஸ்ட் 2025, காலை 10.00

நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டர் பேனலுக்குச் சராசரியாக என்ன விலை கிடைத்தது என்று ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுகிறார்கள். முதல் காலாண்டில் 804 டாலர். இரண்டாவதில் 1,056. மூன்று மாதத்தில் 31 சதவீத ஏற்றம். விலையுயர்ந்த சரக்குக்கு மாறுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கண்ணாடிவெட்டு – 3 ஆகஸ்ட் 2025, பகல் 1.20

இல்ல சார். ஏப்ரல் 1ல குவாங்சோ எல்சிடி போயிடுச்சு. சதுர மீட்டர் கணக்குல பெரிசு, காசுல சிறுசு, அதுதான் டிவி எல்சிடி. அது கணக்கை விட்டுப் போனதும் மிச்சம் இருக்கிறதோட சராசரி தானா ஏறும். வகுப்புல கடைசி பெஞ்ச் அஞ்சு பேர் வேற பள்ளிக்கூடம் போயிட்டா வகுப்புச் சராசரி ஏறற மாதிரி. மிச்சப் பிள்ளைங்க ஒரு மார்க் கூட அதிகமா வாங்கல.

ஐந்தொகை – 3 ஆகஸ்ட் 2025, பகல் 2.05

சரி. திருத்திக்கொள்கிறேன். 804க்கும் 1,056க்கும் நடுவே கோடு இழுத்து ஒப்பிடக்கூடாது. இனிமேல் 1,056ஐத் தொடக்கமாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் காலாண்டில் அதுவும் ஏறும், ஆனால் அது புது ஐபோனுக்கு இவர்கள் பேனல் அனுப்புகிற காலாண்டு. ஆகவே சரியான ஒப்பீடு 2026 ரெண்டாம் காலாண்டில்தான் கிடைக்கும்.

ஐந்தொகை – 10 ஆகஸ்ட் 2025, இரவு 9.15

இந்தக் கணக்கறிக்கையை எந்த வரிசையில் படிப்பது என்று சின்னத்திரை தனியாகக் கேட்டிருந்தார். பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் செயல்பாட்டு லாபம். நிகர லாபத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அடுத்து, எந்தப் பிரிவில் எவ்வளவு விற்றது: டிவி, ஐடி, மொபைல், வாகனம் என்று நான்காகப் பிரித்துத் தருகிறார்கள். ரெண்டாம் காலாண்டில் டிவி 20, ஐடி 42, மொபைல் 28, வாகனம் 10 சதவீதம். ஐடி என்றால் மானிட்டர், மடிக்கணினி, டேப்லெட். டிவி கம்பெனி என்று நாம் பேசுவதில் ஐந்தில் ஒரு பங்குதான் டிவி! பிறகு தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தைப் பாருங்கள், அதிலிருந்து செயல்பாட்டு லாபத்தைக் கழித்தால் அந்தக் காலாண்டின் தேய்மானம் வந்துவிடும். அதற்கும் பிறகு கடன் விகிதம், அதாவது சொந்த முதலில் கடன் எத்தனை சதவீதம் என்பது. 2024 கடைசியில் அது 307 சதவீதம்.

தேய்மானம் ஏன் முக்கியம் என்றால், இவர்கள் இயந்திரங்களை 4 அல்லது 5 ஆண்டுகளில் எழுதித் தள்ளுகிறார்கள். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தச் செலவு ஏறும். மாதம் 90,000 கண்ணாடி ஓடக்கூடிய ஆலையில் 54,000 ஓடினால், ஒவ்வொரு பேனல் தலையிலும் விழும் தேய்மானம் 100க்குப் பதில் 167. 2022, 2023இல் ஓலெட் டிவி விற்காமல் ஆலை ஓட்டத்தைக் குறைத்தபோது நடந்தது இதுதான்.

சின்னத்திரை – 5 செப்டம்பர் 2025, காலை 8.40

32 இன்ச்சுக்கு மேல டிவிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆகுது, செப்டம்பர் 22லேர்ந்து. பேனல்காரங்களுக்கு லாபமா?

கண்ணாடிவெட்டு – 5 செப்டம்பர் 2025, காலை 9.25

சீனப் பேனல்காரங்களுக்கு. நம்ம ஊர்ல விக்கிற டிவில பெரும்பாலானது எல்சிடி. எல்ஜி டிஸ்ப்ளே டிவி எல்சிடியை விட்டாச்சு, அவங்ககிட்ட மிச்சம் ஓலெட் மட்டும்தான். 43 இன்ச் எத்தனை கூட வித்தாலும் இவங்க பெட்டிக்கு வராது.

சின்னத்திரை – 11 அக்டோபர் 2025, மாலை 5.00

எல்ஜி ஐபிஓவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன், 1,140 ரூபாய் விலைல. இது கிடைச்சா எல்ஜி டிஸ்ப்ளே தனியா வாங்கத் தேவையில்லைதானே?

ஐந்தொகை – 11 அக்டோபர் 2025, மாலை 5.35

ரெண்டும் வேறு வேறு. குழப்பம் பலருக்கு இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் இந்தியா. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, டிவி செய்து இங்கே விற்கிற கம்பெனி, நொய்டாவிலும் புனேயிலும் ஆலை. 11,607 கோடி ரூபாய் வெளியீடு முழுக்கத் தாய் நிறுவனம் தன் கையிலுள்ள பங்கை விற்பது. அந்தப் பணம் சியோலுக்குப் போகும், இந்தியக் கம்பெனிக்கு வராது. அந்தத் தாய் நிறுவனமான எல்ஜி எலக்ட்ரானிக்ஸ்தான் எல்ஜி டிஸ்ப்ளேயில் சுமார் 37 சதவீதம் வைத்திருக்கிறது. ஆகவே இந்த ரெண்டு கம்பெனிகளும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கில் ஏறாது.

இன்னொன்று. எல்ஜி டிவியில் எல்ஜி டிஸ்ப்ளே பேனல்தான் இருக்கும் என்பதும் ஓலெட்டுக்குத்தான் பொருந்தும். 2023 முதல் சாம்சங்கும் ஓலெட் டிவிக்கு இவர்களிடம் பேனல் வாங்குகிறது, 83 இன்ச்சில் தொடங்கியது. வீட்டில் போட்டியாளர், ஆலையில் வாடிக்கையாளர்.

ஏடிஆர் வாங்குவதாக இருந்தால் ரெண்டு ஏடிஆர் சேர்ந்தால்தான் ஒரு கொரியப் பங்கு. கொரிய விலையோடு ஒப்பிடும்போது இதை மறந்து கணக்குப் போட்டால் பாதி விலைக்குக் கிடைப்பதுபோலத் தெரியும்.

ஐந்தொகை – 1 நவம்பர் 2025, காலை 7.30

மூன்றாம் காலாண்டு: விற்பனை 6.96 லட்சம் கோடி, செயல்பாட்டு லாபம் 43,100 கோடி வொன். சென்ற ஆண்டு இதே காலாண்டில் 8,060 கோடி நஷ்டம். ஒரு சதுர மீட்டர் விலை 1,365 டாலர். மொபைல் 39 சதவீதம், டிவி 16. கடன் விகிதம் 263.

நல்ல காலாண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கழித்தல் போட்டுப் பாருங்கள். தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 1.42 லட்சம் கோடி. அதில் 43,100 கோடி போக, தேய்மானம் சுமார் 99,000 கோடி. 2024 முழு ஆண்டுக்கும் அதே கழித்தல்: தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 4.565 லட்சம் கோடி, அதோடு 56,060 கோடி நஷ்டத்தைக் கூட்டினால் தேய்மானம் 5.13 லட்சம் கோடி. காலாண்டுச் சராசரி 1.28 லட்சம் கோடி. ஆக, தேய்மானம் மட்டும் காலாண்டுக்குச் சுமார் 29,000 கோடி குறைந்திருக்கிறது.

8,060 கோடி நஷ்டத்திலிருந்து 43,100 கோடி லாபத்துக்கு வர ஏறிய தூரம் 51,000 கோடி. அதில் சுமார் பாதி தேய்மானம் குறைந்ததில் வந்தது. நஷ்டம் நின்றதற்கு முதற்காரணம் இதுதான் என்பது என் முடிவு.

கண்ணாடிவெட்டு – 1 நவம்பர் 2025, காலை 10.10

கணக்கு சரி. ஆனா அதை மட்டம் தட்டாதீங்க. குவாங்சோ ஓலெட் ஆலை 2020 ஜூலைல ஓட ஆரம்பிச்சுது. அஞ்சு வருஷம் 2025 நடுவுல முடியுது. இயந்திரம் அதேதான், கண்ணாடி அதேதான், தேறுற பேனல் இன்னைக்கு அன்னைக்கை விட அதிகம். புத்தகத்துல விலை தீர்ந்த ஆலை இன்னும் பல வருஷம் ஓடும். எல்சிடில சீனாக்காரன் இவங்களை அடிச்சது புது ஆலையோட. ஓலெட் டிவில இவங்க இப்ப விலை தீர்ந்த ஆலையோட நிக்கறாங்க. விலை குறைச்சு விக்கற தெம்பு முதல் தடவையா இவங்க கைல இருக்கு.

சரக்கும் மாறியிருக்கு. பழைய வெள்ளை ஓலெட்ல சிவப்பையும் பச்சையையும் ஒரே அடுக்குல கலந்து, மேலயும் கீழயும் நீலம் வெப்பாங்க. 2025 ஜனவரில காட்டின பேனல்ல நாலு அடுக்கு: நீலம் ரெண்டு, சிவப்பு தனி, பச்சை தனி. ஒவ்வொரு அடுக்கும் குறைஞ்ச மின்சாரத்துல வேலை செய்யுது. உச்ச வெளிச்சம் 4,000 நிட்ஸ், முந்தையதை விட 33 சதவீதம் கூட. முந்தைய தலைமுறைல மைக்ரோ லென்ஸ் வெச்சாங்க, ஒரு பிக்சலுக்கு 5,117 லென்ஸ், 77 இன்ச் 4கேல 4,240 கோடி. புது அடுக்கு வந்ததும் அந்த லென்ஸ் இல்லாமலே அதைத் தாண்டிட்டாங்க. ஒரு வேலையே குறையுதுன்னா அதுவும் காசு.

4,000ங்கிற எண்ணைப் பார்த்து மயங்காதீங்க, அது திரைல சின்னக் கட்டம் மட்டும் எரியறப்போ. திரை முழுக்க வெள்ளைன்னா ரொம்ப இறங்கிடும். மினி எல்இடி (சின்னச் சின்ன விளக்கைப் பின்னால வெச்ச எல்சிடி) அங்கதான் ஜெயிக்குது.

ஐந்தொகை – 1 நவம்பர் 2025, இரவு 8.45

விலை தீர்ந்த ஆலை பற்றிச் சொன்னது நியாயம். காலையில் எழுதியதில் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தேய்மானம் தீர்வது இன்னொன்றையும் சொல்கிறது: ஐந்து ஆண்டாகப் புது டிவி ஓலெட் ஆலை எதுவும் போடவில்லை.

மடிக்கணினி, டேப்லெட் ஓலெட்டுக்கு அடுத்த கண்ணாடி 8.6 தலைமுறை, 2290க்கு 2620. சாம்சங் டிஸ்ப்ளே ஆசானில் 4.1 லட்சம் கோடி வொன் போடுகிறது. பிஓஇ செங்டுவில் 6,300 கோடி யுவான். சிஎஸ்ஓடி குவாங்சோவில் 2,950 கோடி யுவான், அதுவும் அச்சடிக்கிற முறையில். எல்ஜி டிஸ்ப்ளே இந்தப் பந்தயத்தில் இறங்கவில்லை. ஜூனில் அறிவித்தது 1.26 லட்சம் கோடி வொன், ரெண்டு வருஷத்துக்கு, ஓலெட் புதுத் தொழில்நுட்பம் என்ற தலைப்பில். ஐபேட் ப்ரோ பேனலை 6ஆம் தலைமுறைக் கண்ணாடியில்தான் செய்கிறார்கள், 1500க்கு 1850. பரப்பில் 8.6 இதைவிட 2.16 மடங்கு.

கண்ணாடிவெட்டு ஜூலையில் 65 இன்ச்சுக்குச் சொன்ன கதையைத் திரும்பப் படியுங்கள். சின்னக் கண்ணாடியோடு பெரிய கண்ணாடியை எதிர்த்தது அந்தத் தடவை எப்படி முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

கண்ணாடிவெட்டு – 2 நவம்பர் 2025, காலை 6.50

இது அதே கதை இல்லை. டிவில 55 போய் 65 ஆச்சு, அளவே மாறுச்சு. மடிக்கணினி 14 இன்ச் 14 இன்ச்சாத்தான் இருக்கப் போகுது, 6ஆம் தலைமுறைல வெட்டு மோசம் இல்லை. 8.6ல லாபம் ஒரு தடவைல நிறைய வர்றதுதான். அந்த நிறையவை வாங்க ஆள் வேணும். ஐபேட் ப்ரோ ஓலெட் எதிர்பார்த்த அளவு போகல. ஆர்டர் இல்லாம கண்ணாடி போட்டவனுக்கு என்ன ஆகும்னு நீங்கதான் 100க்கு 167ன்னு கணக்குப் போட்டுக் காட்டினீங்க. பொறுத்திருக்கறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஐந்தொகை – 2 நவம்பர் 2025, காலை 9.00

ஒப்புக்கொள்கிறேன், பாதி. பொறுத்திருப்பது வேறு, போடப் பணமில்லாமல் நிற்பது வேறு. 263 சதவீதக் கடனோடு இருப்பவர் தானாகப் பொறுத்திருக்கிறாரா, வேறு வழியில்லாமலா என்பதை வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. கடன் விகிதம் 200 பக்கம் வந்த பிறகும் போடவில்லையென்றால் அது தீர்மானம்.

ஐந்தொகை – 31 ஜனவரி 2026, காலை 8.15

2025 முழு ஆண்டு வந்துவிட்டது. விற்பனை 25.81 லட்சம் கோடி, செயல்பாட்டு லாபம் 51,700 கோடி வொன். நான்கு ஆண்டுக்குப் பிறகு முதல் ஆண்டு லாபம். மொத்த விற்பனையில் ஓலெட் 61 சதவீதம்.

51,700ஐப் பிரித்தால்: 3,350, கழித்தல் 11,600, 43,100, 16,850. ஆண்டு லாபத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஒரே காலாண்டு. 2022 முதல் 2024 வரை மூன்றாண்டு நஷ்டம் கூட்டினால் 5.16 லட்சம் கோடி. இந்த ஆண்டு லாபம் அதில் பத்தில் ஒன்று. இந்த வேகத்தில் பழைய குழியை மூடப் பத்து ஆண்டு.

விற்பனையில் லாபம் 2 சதவீதம். 2017இல் 8.9.

சின்னத்திரை – 31 ஜனவரி 2026, காலை 10.30

நாலாம் காலாண்டுல விற்பனை 7.2 லட்சம் கோடி, மூணாவதை விட ஜாஸ்தி. லாபம் மட்டும் 43,100லேர்ந்து 16,850 ஆயிடுச்சே? ஐபோன் அப்பவும் ஓடிட்டுதானே இருந்துது?

ஐந்தொகை – 31 ஜனவரி 2026, பகல் 12.40

விருப்ப ஓய்வில் ஆட்களை அனுப்பிய செலவு உட்பட ஒருமுறைச் செலவுகளை அந்தக் காலாண்டில் ஏற்றியிருக்கிறார்கள். கைப்பணம் கொடுத்து அனுப்பினால் அடுத்த ஆண்டு சம்பளச் சுமை குறையும். ஆனால் எச்சரிக்கை: மூன்றாம் காலாண்டிலும் இதே தலைப்பில் செலவு இருந்தது. காலாண்டுதோறும் வந்தால் அதற்கு ஒருமுறைச் செலவு என்று பெயரில்லை.

கண்ணாடிவெட்டு – 1 பிப்ரவரி 2026, இரவு 7.20

ஆட்கள் விஷயத்துல எனக்கு மனசு கனக்குது. 8.5 கண்ணாடில தேறுற பேனலை இந்த அளவுக்குக் கொண்டு வந்தது அந்த ஆட்கள்தான். ஆவி படிய வைக்கிற அறைல எந்த மூலைல படலம் மெலிசாகும், எந்த முனைல மாஸ்க் தொய்யும்னு கைப்பழக்கத்துல தெரிஞ்சவங்க. இயந்திரத்துக்குத் தேய்மானம் தீர்ந்தா லாபம். தெரிஞ்ச ஆள் போனா அது எந்தக் கட்டத்துலயும் எழுத மாட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு தேறுற பேனல் குறையறப்பதான் தெரியும். போறவங்க எங்க போவாங்கன்னும் யோசிங்க. செங்டுல புது ஆலை ஆள் தேடுது.

ஐந்தொகை – 1 பிப்ரவரி 2026, இரவு 9.05

இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

சின்னத்திரை, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: 2026 ரெண்டாம் காலாண்டு வரை வாங்காதீர்கள். அது ஐபோன் இல்லாத காலாண்டு, ஆலை விற்ற காசு வராத காலாண்டு, தேய்மானம் ஏற்கெனவே இறங்கிவிட்ட காலாண்டு. அங்கே செயல்பாட்டு வரி கழித்தலில் இல்லாமல், சதுர மீட்டர் விலை 1,056ஐவிட மேலே நின்றால் பேசலாம். ஜூலைக் கடைசியில் கணக்கு வரும். அன்றைக்கு இந்த இழையிலேயே அந்த ரெண்டு எண்ணையும் எழுதுகிறேன்.

சின்னத்திரை – 1 பிப்ரவரி 2026, இரவு 9.20

சரிங்க. வாங்கல. ஜூலைல நானே ஞாபகப்படுத்தறேன்.